சொன்னதையே சொல்ல முடியாத மாவட்டம்: குமரியில் மேடைப் பேச்சு தொழிலாகும் விதம்

குமரி மாவட்டத்தில் ஒருவர் பேச்சாளராக முதல் மேடை ஏறுவது அப்படி ஒன்றும் கடினமில்லை. கொடை எனப்படும் அம்மன், மாடன் கோயில் விழா, சமய வகுப்பு ஆண்டு விழா, தேவாலயத்தின் பத்து நாள் பங்குத் திருவிழா, அய்யாவழியினரின் நிழல் தாங்கல் திருநாள், பள்ளி ஆண்டு விழா, நூலக வாசகர் வட்டம், கட்சிக் கூட்டம் என்று மேடைக்குப் பஞ்சமே கிடையாது. சிக்கல் இரண்டாம் ஆண்டில் தொடங்குகிறது. மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. கிழக்கு எல்லையான ஆரல்வாய்மொழியில் பஸ் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மேற்கு எல்லையான களியக்காவிளை. வடசேரியில் சொன்ன நகைச்சுவை, நாம் அடுத்த வாரம் தக்கலைக்குப் போய்ச் சேரும் முன்பே அங்கே போய்விடும். வெளியூர்ப் பேச்சாளர் ஒரே உரையை மாவட்டத்துக்கு மாவட்டம் கொண்டுபோய்ப் பிழைக்கலாம். உள்ளூர்க்காரருக்கு எங்கே போனாலும் அதே காதுகள். இங்கே பேச்சைத் தொழிலாக்க நினைப்பவரின் தயாரிப்பு, கூலி, குரல் எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயமே தீர்மானிக்கிறது.

அந்தக் காதுகளும் லேசானவை அல்ல. எழுத்தறிவில் 90 விழுக்காட்டைத் தாண்டிய மாவட்டம் இது. பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா இந்த மண்ணின் பேச்சாளர். வில்லுப்பாட்டை வெளியூர் மேடைகளுக்குக் கொண்டுபோன கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் ஒழுகினசேரிக்காரர். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் மார்ஷல் நேசமணியும் நடத்திய போராட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது பொதுக்கூட்டம்தான். முன்வரிசையில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருப்பார்கள். குறளின் எண்ணைத் தப்பாகச் சொன்னால் கூட்டம் முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு திருத்துவார்கள். வாட்ஸாப்பில் வந்த பொன்மொழியை அப்துல் கலாமின் பெயரில் ஏற்றிச் சொல்பவர் இந்த வரிசையிடம் தப்ப முடியாது.

சரக்கு நோட்டு

மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 100 தமிழ்ச் சொற்கள் ஓடும். இருபது நிமிட உரைக்கு ஏறத்தாழ 1,800 சொற்கள் என்று கணக்கு வரும். ஆனால் கைதட்டல், சிரிப்பு, மைக் கோளாறு, நடுவில் வந்து பொன்னாடை போர்த்தும் பிரமுகர் எல்லாம் போக 1,500 சொற்களுக்குத் தயார் செய்தால் போதும். அதற்கு மேல் கொண்டுபோனால் கடைசி ஐந்து நிமிடத்தை மூச்சு வாங்க ஓட்டவேண்டிவரும். முடிவுரை சிதறுவது பெரும்பாலும் இதனால்தான்.

தொழிலாகப் பேசுகிறவர் ஒரு நோட்டு வைத்துக்கொள்வது கட்டாயம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கம்: தேதி, ஊர், தலைப்பு, எத்தனை நிமிடம், யார் அழைத்தது, என்ன தந்தார்கள், எந்தக் கதை, எந்த நகைச்சுவை. நகைச்சுவைகளுக்கு எண் போட்டுவிட்டால் எழுதுவது சுலபம். ‘7, 12, 31’ என்று குறித்தால் போதும். அடுத்த ஆண்டு அதே ஊரோ பக்கத்து ஊரோ கூப்பிடும்போது பக்கத்தைப் புரட்டினால் எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துவிடும். ஒரே பஞ்சாயத்துக்குள் ஒரு கதையை மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பச் சொல்லாமல் இருப்பது நல்ல வரம்பு.

சரக்கு மூன்று வகை. எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற பொதுச் சரக்கு முதல் வகை. இதுதான் சீக்கிரம் பழசாகும். தலைப்புக்கென்று படித்துச் சேர்ப்பது இரண்டாவது. மூன்றாவது, அன்றைக்கு அந்த ஊரிலேயே பொறுக்குவது: குளம் தூர்வாரியது, பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு, பஸ் நிற்காத நிறுத்தம். இருபது நிமிடத்தில் மூன்று நிமிடமாவது இந்த மூன்றாம் வகை இருந்தால் மீதியில் பழையது கொஞ்சம் கலந்திருந்தாலும் ஊர் மன்னித்துவிடும். அதைப் பொறுக்க ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரவேண்டும். டீக்கடையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாலே பாதி வேலை முடியும். கேட்டதையெல்லாம் மேடையில் சொல்லிவிடவும் கூடாது. கமிட்டிக்குள் இரண்டு அணி இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

தொடக்கமும் சரக்கில் சேர்த்தி. கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவரைக் காட்டித் தொடங்காத உள்ளூர்ப் பேச்சைக் கேட்பது அபூர்வமாகிவிட்டது. அவர் 2000 ஜனவரி 1 முதல் அங்கேதான் நிற்கிறார், ஊருக்கே தெரியும். அதைவிடப் பெரிய நேரத்தின்னி அவை விளிப்பு. ‘தலைவர் அவர்களே’ என்று தொடங்கிப் பதினாறு பேரை அழைத்து முடிக்க மூன்று நிமிடம் ஆகும். அடியோடு விட்டால் பொருளாளர் முகம் திருப்புவார். நோட்டீசை வாங்கி, தலைவர், அழைத்தவர், ஊரில் வயதில் மூத்தவர் ஆகிய மூவரைப் பெயர் சொல்லி, மற்றவர்களைப் பொதுவாக வணங்குவது நடைமுறையில் ஒத்துவருகிறது. பொருளாளர் பெயரை நடுவில் ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட்டால் விளிப்பில் விட்டதை அவரே மறந்துபோவார்.

ஏழு நிமிடத்திலிருந்து இருபதுக்கு

பெரும்பாலோர் தொடங்குவது பள்ளிப் பேச்சுப் போட்டியில். தமிழ் வளர்ச்சித் துறை, தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்ட அளவில் நடத்தும் போட்டிகளில் முதல் மூன்று பரிசுகள் 5,000, 3,000, 2,000 ரூபாய். இந்தப் போட்டிகள் தைரியத்தைத் தரும். கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் தரும். ஐந்து அல்லது ஏழு நிமிடத்தை மனப்பாடம் செய்து, ஒரே உச்ச குரலில், கையை ஓங்கி ஒப்பிப்பதே அது. மேடையில் கரண்ட் போய் இரண்டு நிமிடம் கழித்து வந்தால் மனப்பாடக்காரருக்கு எங்கே விட்டோம் என்று தெரியாது. இருபது நிமிடம் உச்சத்திலேயே பேசினால் கூட்டம் எட்டாவது நிமிடத்தில் செல்போனை எடுத்துவிடும்.

போட்டி வயது முடிந்து, மேடை கூப்பிடத் தொடங்கும் வரை ஐந்தாறு ஆண்டு இடைவெளி விழும். நல்ல குரல்கள் பல காணாமல் போவது இந்த இடைவெளியில்தான். இதை நிரப்பக் கைக்கு எட்டுகிற வேலைகள் உண்டு. வரவேற்புரை, நன்றியுரை, தொகுப்புரை ஆகிய மூன்றுக்கும் ஊரில் எப்போதும் ஆள் தட்டுப்பாடு. நன்றியுரையை மூன்று நிமிடத்தில், ஒரு பெயரும் விடாமல், கலையும் கூட்டத்தை நிறுத்திவைத்துச் சொல்லத் தெரிந்தவருக்குப் பெரிய உரை சுலபமாகிவிடும். நூலக வாசகர் வட்டத்தில் முப்பது பேருக்கு ஒரு நூலைப் பற்றி இருபது நிமிடம் பேசுவதற்குக் காசு கிடைக்காது. ஆனால் மாதம் ஒரு நூல் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு தலைப்புக்குச் சரக்கு சேரும். நாகர்கோவில் வானொலி நிலையத்தில் உரை வாய்த்தால் எழுதிக் கொடுத்து, சொன்ன நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். அந்த ஒழுங்கு மேடைக்கும் கைகொடுக்கும்.

வில்லுப்பாட்டுக்காரரிடமிருந்தும் கற்க ஒன்று இருக்கிறது. புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். இந்தக் கூட்டம் தலைமுறைகளாக அந்த ஆமாவைக் கேட்டுப் பழகியது. முக்கியமான வரிக்குப் பிறகு ஒரு ஆமா விழுகிற அளவுக்கு இடம் விடுகிறவர் பேச்சை இது வெகு சீக்கிரம் தன்னுடையதாக்கிக்கொள்ளும். ஓட்டமாக ஓடுகிறவரை வேடிக்கை மட்டும் பார்க்கும்.

பட்டிமன்றத்தில் நடுவர் ஒருவர், அணிக்கு மூவர் என்பதே வழக்கம், இருவராகவும் குறைப்பார்கள். ஒருவருக்கு 12 முதல் 15 நிமிடம். புதியவர் இரண்டாவது இடத்தைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். முதலில் பேசுபவர் இன்னும் உட்காராத கூட்டத்தைச் சமாளிக்கவேண்டும். கடைசியில் வருபவர் எதிரணியின் வாதத்தை அங்கேயே குறித்து, அங்கேயே உடைக்கவேண்டும். இரண்டாமவருக்குச் சூடேறிய கூட்டம் கிடைக்கும், மறுப்புச் சுமையும் குறைவு.

இதில் பத்து மணிச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்கள் வரை நள்ளிரவு வரைக்கும் அரசு தளர்த்தலாம். ஆனால் அந்த நாள் நம் ஊர்க் கொடை நாளாக இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. ஏழு மணி என்று நோட்டீசில் போட்ட பட்டிமன்றம் எட்டேகாலுக்குத் தொடங்கும். பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆறாவது பேச்சாளருக்கு நடுவர் கண்காட்டுவார். ஆகவே ஒரே வாதம் 12 நிமிடம், 8 நிமிடம், 5 நிமிடம் என்று மூன்று அளவில் தயாராக இருக்கவேண்டும். சுருக்கும்போது வேகத்தைக் கூட்டக்கூடாது. ஒரு கதையை முழுதாக எடுத்துவிடுவதே வழி.

மைக்கும் தொண்டையும்

மைக் செட்காரர் மேடையில் உங்களுக்கு முதல் உறவு. பேசப்போகும் மைக்கில், பேசப்போகும் சத்தத்தில், ஒரு முழு வாக்கியம் சொல்லிப் பார்க்கவேண்டும். ‘ஹலோ, செக்’ என்று முணுமுணுத்துச் சரிபார்த்தால் பேச்சு உச்சம் போகும்போது ஒலி உடைந்துவிடும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி. நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் சாய்வாக வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் வெடிக்காது. குரலை ஏற்றும்போது தலையை ஒரு சாண் பின்னுக்கு எடுக்கலாம். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலோ, ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் நடந்துபோனாலோ ‘கீ’ என்று கத்தும். அது செட்டின் கோளாறு அல்ல.

கொடை ஊர்களில் சாலை நெடுகக் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். ஒலி நூறு மீட்டர் போக ஏறத்தாழ 0.3 வினாடி ஆகும். நடுவில் இருப்பவருக்குப் பக்கத்துக் கூம்பும் மேடைப் பாக்ஸும் முன்பின்னாகக் கேட்கும். வேகமாகப் பேசினால் இரண்டும் குழம்பி வெறும் இரைச்சலாகிவிடும். சொற்களை நீட்டுவது இதற்கு மருந்தல்ல. வாக்கியத்தைச் சிறிதாக்கி, முடிவில் ஒரு மூச்சு நிறுத்தவேண்டும். கூம்பு அடிக்குரலைத் தின்றுவிடும். நம் குரல் மெலிந்து கேட்கிறதே என்று தொண்டையை இறுக்கிக் கத்துவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. நம் குரல் நமக்கே கேட்காதபோது தன்னையறியாமல் சத்தம் கூடும். அதனால் ஒரு பாக்ஸை மேடைப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லலாம். முட்டம், குளச்சல் போன்ற கடலோர மேடைகளில் காற்று மைக்கில் அடித்து உறுமும். பஞ்சு உறை இல்லையென்றால் கைக்குட்டையை ஒரு மடிப்புச் சுற்றினாலும் உதவும்.

தொண்டைக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் மேடையில் குடிக்கிற மடக்கு குரல்நாணின் மேல் படுவதில்லை, உணவுக்குழாய்க்குப் போய்விடும். உடம்பு நீரேறி இருந்தால்தான் நாண் ஈரமாக இருக்கும். அதற்குப் பிற்பகலிலிருந்தே குடித்துவரவேண்டும். நிகழ்ச்சி முடிந்து பதினொரு மணிக்குப் பிரியாணி தின்றுவிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறிக் காலையில் குரல் கட்டும். அடிக்கடி செருமுவதும், குரல் கட்டியபோது கிசுகிசுப்பாகப் பேசுவதும் கெடுதல். அப்போது பேசாமல் இருப்பதே மருந்து. பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதமாக இருக்கும். நாணில் முடிச்சு விழுந்திருந்தால் அவை ஒன்றும் செய்யா. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாணைப் பார்க்கச் சொல்லவேண்டும்.

எந்த ஊரில் எதைச் சொல்வது

கிழக்கே நாஞ்சில் நாட்டுத் தமிழும் மேற்கே விளவங்கோட்டுத் தமிழும் ஒரே மாவட்டத்துக்குள் வேறு வேறு. ‘எனக்க வீடு’, ‘பைய வா மக்கா’ என்று உரையாடலில் வட்டார வழக்கு வரும்போது கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஆனால் நாகர்கோவில் மேடையில் மேற்கத்திப் பேச்சைப் போலச் செய்து வாங்கிய சிரிப்பை மார்த்தாண்டத்தில் எதிர்பார்க்கக்கூடாது, அங்கே அது கேலி. கதை சொல்லும் நடை பொதுத்தமிழாக இருக்கட்டும், கதாபாத்திரம் தன் ஊர்ப் பேச்சைப் பேசட்டும்.

சமயம் இன்னும் நுட்பமான விஷயம். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கிட்டத்தட்டச் சமமாக வாழும் மாவட்டம். 1982-இல் இரு தரப்புக்கும் இடையே மண்டைக்காடு கலவரத்தைக் கண்டது. மண்டைக்காடு அம்மன் கோயில் மாசிக் கொடையையொட்டிய சமய மாநாட்டிலும் கோட்டாறு சவேரியார் திருவிழாக் காலத்திலும் ஒரே பேச்சாளர் பெயர் நோட்டீசில் வருவது இங்கே பெரிய தகுதி. மாற்றுச் சமயத்தைச் சீண்டும் ஒரு வரி அன்றைக்குக் கைதட்டு வாங்கித் தரலாம். பாதி மேடைகள் அன்றோடு மூடிவிடும். சமயங்களுக்கிடையே பகை மூட்டுவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. கடற்கரை ஊர்களில் கடலில் சாவதைப் பற்றிய நகைச்சுவை எந்த நாளும் கூடாது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் போனவர்களின் வீட்டார் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

கூலிக் கணக்கு

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் என்பது பேச்சாளருக்கு வருமானச் செய்தி. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் திறந்தவெளி மேடை சுருங்கும். தை முதல் சித்திரை வரை நிற்க நேரம் இருக்காது. ஒரு மாதிரிக் கணக்கு: மேடைக்கு 3,000 ரூபாய், நாலு மாதம் மாதத்துக்கு 12 மேடை, மற்ற எட்டு மாதம் மாதத்துக்கு 2 மேடை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 64 மேடை, 1,92,000 ரூபாய். போக்குவரத்து, சலவை, சாப்பாடு என மேடைக்கு 500 கழித்தால் மாதத்துக்குச் சராசரி 13,300 ரூபாய் சொச்சம். வீட்டை இது மட்டும் ஓட்டாது. அதனால்தான் ஆசிரியர், வழக்கறிஞர், காப்பீட்டு முகவர் என்று ஒரு கால் வேறு தொழிலில் வைத்தவர்களே இங்கே நிலைத்திருக்கிறார்கள். அரசு ஊழியராக இருந்தால் சன்மானம் வாங்கும் முன் நடத்தை விதிகளைப் பார்த்து அனுமதி பெறவேண்டும். கட்சி மேடை அறவே ஆகாது.

கூலியைக் கூட்டும் வழி வெளி மாவட்டம்தான். நெல்லை, தூத்துக்குடி, தென்காசியில் இங்கே பழசான சரக்கு புதுசு. பயணம் கூடும், ஆனால் தயாரிப்பு நேரம் பாதியாகும். பள்ளி, கல்லூரிகளில் பகல் நேரப் பயிற்சி வகுப்பு எடுப்பவர்களுக்கு மழைக்காலமும் காலியாக இருக்காது. கல்லூரிகள் வங்கிக் கணக்கில் போடும், பான் எண் கேட்கும். ஒரே நிறுவனம் ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 10 சதவீதம் வரி பிடிக்கும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

‘பாத்துச் செய்யுங்க’ என்று முடிக்கும் பேச்சுவார்த்தை பெரும்பாலும் பொன்னாடையில் முடியும். பீரோவில் நாற்பது பொன்னாடை இருந்தாலும் பலசரக்குக் கடையில் செல்லாது. போனில் பேசியதை அன்றே வாட்ஸாப்பில் எழுதி அனுப்பிவிடவேண்டும்: தேதி, தொடங்கும் நேரம், நமக்கு எத்தனை மணிக்கு எத்தனை நிமிடம், தலைப்பு, கூடப் பேசுபவர்கள், தொகை, வண்டி, மழை பெய்தால் என்ன என்பது வரை. பெண் பேச்சாளர்கள் திரும்பிவரும் வண்டியைத் தொகையோடு சேர்க்காமல் தனியாகவே கேட்டு உறுதிசெய்வது நல்லது. பத்தரைக்கு மேடை இறங்கினால் உள்ளூர்ப் பஸ் இருக்காது.

அந்தச் செய்தியில் இப்போது கட்டாயமாகச் சேர்க்கவேண்டிய ஒரு வரி, பதிவு பற்றியது. கமிட்டியின் வீடியோக்காரர் முழு உரையையும் மறுநாளே யூடியூபில் ஏற்றிவிட்டால், ஓராண்டு சரக்கு ஒரே இரவில் ஊருக்கெல்லாம் போய்விடும். பலருக்குத் தெரியாத விஷயம், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி பொது மேடையில் ஆற்றிய உரையின் முதல் உரிமையாளர் அதைப் பேசியவரே. இன்னொருவர் சார்பாகப் பேசியிருந்தால் மட்டும் அந்த இன்னொருவருக்குப் போகும். மைக் செட்டும் வீடியோவும் கமிட்டி செலவு என்பதால் உரை கமிட்டியுடையதாகிவிடாது. முதல் பத்து நிமிடத்தை இப்போது போடலாம், முழு உரையை அடுத்த கொடைக் காலம் முடிந்தபின் போடலாம் என்று அழைப்பு வரும்போதே எழுதிக் கேட்டால் பெரும்பாலான ஊர்கள் சம்மதிக்கின்றன. அதைக் கேட்காமல் விட்டுவிட்டு, கொடை முடிந்த மறுநாள் காலையில் பொருளாளருக்குப் போன் போட்டு வீடியோவை எடுக்கச் சொன்னால், வீடியோவும் போகாது, அடுத்த ஆண்டு அழைப்பும் வராது.